அரசு அலுவலகத்தைக் கைப்பற்றிய படக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநர் அவர்களுக்கும், தயாரிப்பு நிர்வாகிக்கும், வாசலைத் திறந்துவிட்ட அதிகாரிக்கும்,

உங்கள் லாரிகள் போய்விட்டன. ஜெனரேட்டர் வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறது. ஒரு மழை பெய்தால் அது போய்விடும். தானாகப் போகாதவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

மதுரை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அரசு அலுவலகத்தில் படம் எடுத்தீர்கள். ஊர்ப் பெயரையும் உங்கள் பெயர்களையும் எழுதப் போவதில்லை. படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். சனி, ஞாயிறு இரண்டு நாள் என்று சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தீர்கள். திங்கட்கிழமையும் வாசல் உங்கள் ஆட்கள் கையில் இருந்தது. மனுவோடு வந்தவர்களைக் கயிறு கட்டி வெயிலில் நிறுத்திவிட்டு, "இன்றைக்கு ஆபீஸ் கிடையாது, நாளைக்கு வாருங்கள்" என்று சொன்னது அரசு ஊழியர் யாரும் அல்ல. கறுப்புச் சட்டை அணிந்த உங்கள் பவுன்சர். ஆயுதம் ஏந்திய கும்பல் அரசு அலுவலகத்தைப் பிடிக்கும் கதையைத்தானே எடுக்கிறீர்கள்? ஆயுதம் நீங்கலாக மற்றதை நேரிலேயே நடத்திக் காட்டிவிட்டீர்கள்.

நான் வருவாய்த் துறையில் பதிவறை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது அந்த அலுவலக வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் உதவி இயக்குநர்களில் ஒருவர், நல்ல பிள்ளை, டீ குடிக்க வந்த இடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து கதை முழுவதையும் சொன்னார். குறைதீர்க்கும் நாளில் பன்னிரண்டு பேர் மனுதாரர் வேடத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குள் நுழைகிறார்கள். மஞ்சள் பைக்குள் துப்பாக்கி. சிறையில் இருக்கும் தலைவனை விடுவிக்காவிட்டால் மணிக்கு ஒருவர் சாவார். பட்டா மாறுதலுக்காக வந்து வரிசையில் நிற்கும் முன்னாள் கமாண்டோ ஒருவர், தனி ஆளாகப் பன்னிரண்டு பேரையும் முடிக்கிறார். பதிவறை தீப்பற்றி எரிவது உச்சக்கட்டம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவருடைய பட்டா கடைசியில் மாறியதா என்று கேட்டேன். அது கதையில் இல்லை என்றார்.

ஆக்‌ஷன் படத்தின் மேல் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆசியாவிலேயே பெரியது என்று ஒரு காலத்தில் பேர் வாங்கிய தங்கம் தியேட்டர் இருந்த ஊரில் வளர்ந்தவன். சினிமா பிடிக்காது என்று சொன்னால் என் வீட்டிலேயே சிரிப்பார்கள். மதுரை என்றால் அரிவாள் என்று எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது துப்பாக்கிக்கு வந்திருக்கிறீர்கள், அதையும் முன்னேற்றம் என்று வைத்துக்கொள்கிறேன். என் வழக்கு வேறு.

முதலாவது ஒரு கவர். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவருக்குத் திங்கட்கிழமை காலையில் மனு எழுதிக் கொடுத்தேன். இறந்துபோன கணவரின் நிலம், கணக்கில் வேறொருவர் பெயரில் இருக்கிறது. அசல் ஆவணத்தை மனுவோடு சேர்க்காதீர்கள், நகல் மட்டும் வையுங்கள் என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வேன். அன்றைக்கு நகல் எடுக்கும் கடையை உங்கள் கேரவன் முழுதாக மறைத்து நின்றது. கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார். நகல் எடுக்க வழி பிறக்கும் வரை இருக்கட்டும் என்று பழைய பட்டாப் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழின் அசலையும் அதே கவரில் வைத்துக்கொண்டு அவர் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றார். அப்போது கார் வந்தது. கலெக்டரின் பணியாளரான தபேதார், சிவப்புப் பட்டை அணிந்தவர், கதவைத் திறந்தார், போலீஸார் சல்யூட் அடித்தார்கள், வெள்ளைச் சட்டை அணிந்தவர் இறங்கினார். கட்டடத்தின் நெற்றியில் 'மாவட்ட ஆட்சியர் அலுவலகம்' என்று நீங்கள் மாட்டிய பலகை தொங்கியது. அந்த அம்மாள் கயிற்றைத் தாண்டி ஓடிப் போய்க் காலில் விழுந்து கவரை நீட்டினார். உங்கள் நடிகர் குனிந்து தூக்கிவிட்டு, "பார்க்கிறேன் அம்மா" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மிக இயல்பாக வந்திருக்கிறது என்று நீங்கள் மகிழ்ந்ததாக அந்த உதவி இயக்குநரே சொன்னார்.

(அந்தக் காரின் மேல் சிவப்பு விளக்கு சுழன்றது. 2017 மே மாதம் முதல் எந்தக் கலெக்டர் காரிலும் அது கிடையாது. இது சின்ன விஷயம், போகட்டும்.)

கவர் நடிகரிடமிருந்து உதவியாளர் கைக்குப் போனது. அங்கிருந்து உடைகள் வைக்கும் பெட்டிக்கோ சாமான்கள் ஏற்றிய லாரிக்கோ போயிருக்க வேண்டும். ஊரில் இல்லை. அந்த அம்மாள் வாராவாரம் வந்து, கலெக்டர் என்ன உத்தரவு போட்டிருக்கிறார் என்று என்னிடம் கேட்கிறார். அவர் கலெக்டர் இல்லை, நடிகர் என்று சொன்னேன். நம்பவில்லை. அத்தனை போலீஸ் சல்யூட் அடித்ததே என்கிறார். என்மேல்தான் சந்தேகப்படுகிறார்.

இரண்டாவது, கட்டுகள். கோப்புகளைத் துணியில் கட்டி எண் எழுதிய சீட்டோடு அடுக்கி வைப்பதைத்தான் நாங்கள் கட்டு என்போம். மாடி வராந்தாவில் அடுக்கியிருந்தவற்றைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படியில் தடுப்பு அமைத்தீர்கள். போதாததற்குச் சிலவற்றைப் பிரித்து, மேலிருந்து காகித மழை பொழிய வைத்தீர்கள். கழிக்க வேண்டிய பழைய காகிதம்தானே என்று யாரோ சொன்னார்களாம். சொன்னவருக்குப் பதிவறை தெரியாது. முடிந்த கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் விதித்திருக்கிறார்கள்: ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு. வராந்தாவில் இருந்தவற்றில் கழிவுக்கு ஒதுக்கியவையும் உண்டு. மழைக்குப் பதிவறை கூரை ஒழுகியதால் தற்காலிகமாக வெளியே எடுத்து வைத்த நிரந்தரக் கோப்புகளும் உண்டு. துணியின் நிறத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது; சீட்டைப் படிக்க வேண்டும். சீட்டுகளைத்தான் முதலில் பிய்த்துப் போட்டிருக்கிறீர்கள், கேமராவில் வெள்ளையாகத் தெரிகிறது என்று.

அந்தக் காகிதத்தை வைத்து என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுவதும் நிலக் கணக்குகளைத் திருத்தி எழுதினார்கள். யு.டி.ஆர். என்று கிராமத்தில் படிக்காதவர்கள்கூடச் சொல்வார்கள். அந்தத் திருத்தத்தில் பெயர் மாறி விழுந்த நிலங்கள் உண்டு, பரப்புக் குறைந்தவை உண்டு, பட்டா நிலமாக இருந்து புறம்போக்கு என்று எழுதப்பட்டவை உண்டு. என்னிடம் வரும் மனுக்களில் பெரும்பங்கு இன்றைக்கும் இதுதான். கணினியில் எண்ணைத் தட்டினால் வருவது திருத்தத்துக்குப் பிந்தைய கணக்கு. அது தவறு என்று நிரூபிக்க வேண்டுமானால் கிராமத்து நிலங்களைச் சர்வே எண் வாரியாக எழுதிய, அதற்கு முந்தைய அ பதிவேடும், செட்டில்மெண்ட் பதிவேடும், அந்தக் காலத்து உத்தரவு நகலும் வேண்டும். அவை பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கின்றன. அந்த மூதாட்டியின் நிலமும் இப்படிப்பட்டதுதான். ஆகவே அவருடைய கையிலிருந்த அத்தாட்சியை உங்கள் நடிகர் வாங்கிக்கொண்டார்; அலுவலகத்தில் இருந்திருக்கக்கூடிய அத்தாட்சியை உங்கள் கலைப் பிரிவு படியில் அடுக்கிவிட்டது.

இப்போதைய பதிவறை எழுத்தர் வேலைக்கு வந்து அதிக காலம் ஆகாத பெண். செவ்வாய்க்கிழமை முழுவதும் தரையில் உட்கார்ந்து காகிதங்களை எண் பார்த்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். நெல்லும் பதரும் கலந்து கொட்டிய களம் மாதிரி இருந்தது. சேராமல் போனவற்றுக்குப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறோம்.

துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. தெருவில் ஓர் ஆட்டோவில் மைக் கட்டி முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பக்கத்து ரேஷன் கடை வரிசை அலறிக் கலைந்தது. வெற்றுத் தோட்டாதானே என்றார் உங்கள் நிர்வாகி. 1984இல் ஜான் எரிக் ஹெக்சம் என்ற அமெரிக்க நடிகர், வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியைத் தளத்தில் விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்திச் செத்துப்போனார். 2021இல் நியூ மெக்சிகோவில் ஒரு படப்பிடிப்பில், ஆபத்தில்லை என்று சொல்லிக் கொடுத்த துப்பாக்கியிலிருந்து உண்மைத் தோட்டா பாய்ந்து ஹாலினா ஹட்சின்ஸ் என்ற ஒளிப்பதிவாளர் இறந்தார். உங்கள் தொழிலில் நடந்த சாவுகள் இவை. எனக்குத் தெரிந்திருக்கும்போது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

இனி கதையைப் பற்றி. அதில் தலையிட எனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். வாழ்நாளெல்லாம் அப்படி ஒரு கட்டடத்துக்குள் இருந்தவன் என்ற உரிமைதான்.

உங்கள் கதையில் தபேதார் கோமாளி. துப்பாக்கியைப் பார்த்ததும் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு உளறுகிறார். தலைமை எழுத்தர் லஞ்சம் வாங்கும் கோழை. முதலில் சாகிறார், தியேட்டரில் கைதட்டல் விழும் என்று எதிர்பார்க்கிறீர்கள். லஞ்சம் இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன், யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் உண்மையில் ஆயுதக் கும்பல் ஓர் அரசுக் கட்டடத்துக்குள் புகுந்தபோது யார் என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் பாருங்கள். 2001 டிசம்பர் 13 அன்று ஐந்து பேர் உள்துறை அமைச்சகத்தின் ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளை அம்பாசிடரில் நாடாளுமன்ற வளாகத்துக்குள் வந்தார்கள். எம்.பி. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கையில் துப்பாக்கி இல்லாமல் பணியில் நின்ற ரிசர்வ் போலீஸ் காவலர் கமலேஷ் குமாரி, வந்தவர்களைப் பார்த்துக் கூவி எச்சரித்ததால் சுடப்பட்டு இறந்தார். நாடாளுமன்றக் காவல் ஊழியர்களான ஜகதீஷ் பிரசாத் யாதவும் மத்பர் சிங் நேகியும் இறந்தார்கள். மூவருக்கும் அசோக சக்கர விருது கொடுத்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் தோட்டக்காரர். உங்கள் கோமாளித் தபேதார் இடத்தில் நின்றவர்கள் இவர்கள்.

பதிவறை எரிவதை அழகாக எடுக்கப் போவதாகவும் அந்தப் பிள்ளை சொன்னார். 1985 நவம்பரில் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் எம்-19 கெரில்லாக்கள் நீதி மாளிகையைப் பிடித்தார்கள். ராணுவம் டாங்கியோடு நுழைந்தது. இரண்டு நாளில் ஏறக்குறைய நூறு பேர் செத்தார்கள், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் உட்பட. கட்டடம் எரிந்தது, ஆயிரக்கணக்கான வழக்குக் கட்டுகள் சாம்பலாயின. அதைவிடக் கொடுமை, உயிரோடு வெளியே கொண்டுவரப்பட்டவர்களில் சிலர் அதன் பிறகு வீடு திரும்பவே இல்லை. காணாமல் போனவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டடத்தின் உணவகத்தில் வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பங்கள் வழக்கை விடவில்லை. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் 2014இல் கொலம்பிய அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. கேன்டீனில் டீ ஆற்றுகிறவருக்கு உங்கள் கதையில் பெயர் உண்டா?

முற்றுகை என்பது பெரும்பாலும் காத்திருப்பு. 1996 டிசம்பரில் பெரு நாட்டின் லிமா நகரில் ஜப்பானியத் தூதரின் இல்லத்தைப் பதினான்கு பேர் பிடித்தார்கள். 126 நாள் நீடித்தது. செஞ்சிலுவைச் சங்கத்தினர் உணவும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உங்கள் கதை நான்கு மணி நேரத்தில் முடிகிறது. அதுவரை ஒருவருக்கும் கழிப்பறைக்குப் போகத் தோன்றவில்லை, இன்சுலின் போட வேண்டிய ஓர் எழுத்தர்கூட இல்லை. கமாண்டோக்கள் அரை மணியில் மாட்டுத்தாவணியில் வந்து இறங்குகிறார்கள். 2008இல் மும்பைக்குத் தேசியப் பாதுகாப்புப் படை வந்து சேர ஏறத்தாழ பத்து மணி நேரம் ஆனது. அதன் பிறகுதான் சென்னை உட்பட நான்கு நகரங்களில் அவர்களுக்கு முகாம் அமைத்தார்கள். சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே நானூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தப் பல மணி நேரத்தை உள்ளே இருக்கும் எழுத்தர்களும் மனுதாரர்களும் எப்படிக் கடத்துவார்கள் என்பதை எடுத்தால் நானே முதல் நாள் டிக்கெட் வாங்குவேன்.

'புதிய களம்' வேண்டும் என்று மதுரைக்கு வந்ததாகச் சொன்னீர்களாம். அரசுக் கட்டடத்தை ஆயுத பலத்தால் பிடித்து வைப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். ஊராட்சி அலுவலகத்தில் அவரை உட்கார்ந்து வேலை பார்க்க விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று, எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரை கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பியபோது, அவரோடு சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். அதேபோல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் நாற்காலியில் ஒருவரும் நிலைக்க முடியாமல் பத்தாண்டுகள் போயின. 2006இல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. ஹெலிகாப்டரும் இல்லை, கெடு நேரமும் இல்லை, ஆனால் கட்டடம் பிடிபட்டுத்தான் இருந்தது. இதைப் படமாக எடுங்கள் என்று கேட்கவில்லை, அதற்கு வேறு துணிச்சல் வேண்டும். எங்கள் ஊருக்கு இது கற்பனை என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள் என்கிறேன்.

மனுதாரர் வேடத்தில் வரும் பயங்கரவாதி என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமைக்கு மனுமேல் மனு கொடுத்துப் பார்த்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார். நால்வரும் இறந்தார்கள். திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலக வாசல்களில் போலீஸார் மஞ்சள் பையைத் திறந்து பார்ப்பது மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. அந்தப் பைக்குள்தான் நீங்கள் துப்பாக்கியை வைக்கிறீர்கள். உங்கள் படம் ஓடிய பிறகு வாசலில் நிற்கும் காவலர், பை வைத்திருக்கும் கிழவியை எந்தக் கண்ணால் பார்ப்பார்?

என் கோரிக்கைகள் இவை.

தயாரிப்பு நிர்வாகி அவர்களே, அந்தக் கவரைத் தேடி எடுத்து, ஒரு தாளும் குறையாமல், ஆள் மூலமாக அந்த மூதாட்டியின் கையில் கொடுக்க வேண்டும். தபாலில் வேண்டாம். தொலைந்துவிட்டால் அதைக் கைப்பட எழுதிக் கொடுங்கள். புதிய சான்றிதழ் எடுக்க அந்தக் கடிதம் உதவும், அதற்கான செலவும் அலைச்சலும் உங்களுடையவை. அவர் காலில் விழும் காட்சியை அவர் சம்மதம் இல்லாமல் படத்தில் வைக்கக் கூடாது. சம்மதம் கேட்கப் போகிறவர், தான் கேட்பது சினிமாவுக்காக என்பதை முதலில் அவருக்குப் புரியவைக்க வேண்டும். கயிற்றுக்கு வெளியே நின்றவர்களைப் பிணைக்கைதிக் கூட்டமாகக் காட்டியிருந்தால் அவர்களுக்கு, துணை நடிகர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கொடுங்கள். லாரியில் ஏறிப்போன கட்டுகள் பட்டியலோடு சரிபார்த்துத் திரும்ப வர வேண்டும். கிழிந்தவை கிழிந்தபடியே வரட்டும், ஒட்டிக்கொள்வோம்.

அதிகாரி அவர்களே, வேலை நாளில் அலுவலகத்தைப் படப்பிடிப்புக்குக் கொடுக்காதீர்கள். விடுமுறை நாளில் கொடுத்தாலும் பதிவறையையும் வராந்தாவையும் பூட்டிச் சீல் வைத்துவிட்டுக் கொடுங்கள். படப்பிடிப்புக்காக மாட்டும் பொய்ப் பலகைக்குக் கீழே 'திரைப்படத்துக்காக' என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வெடிச் சத்தம் உண்டு என்றால் முந்தின நாளே ஊருக்குச் சொல்லியாக வேண்டும். அந்தத் திங்கட்கிழமை திருப்பி அனுப்பப்பட்டவர்களின் மனுக்களுக்கு அன்றைய தேதியையே போட்டுப் பதிய உத்தரவிடுங்கள். சிலருக்கு மேல்முறையீட்டுக் கெடு அன்றோடு முடிந்திருக்கும்.

இயக்குநர் அவர்களே, கதையை மாற்றச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, கேட்க மட்டும் முடியும். தபேதாருக்கு ஒரு பெயரும் முதுகெலும்பும் கொடுங்கள். துப்பாக்கியை மஞ்சள் பையிலிருந்து எடுத்து வேறு எதில் வேண்டுமானாலும் வையுங்கள்.

கவருக்கும் கட்டுகளுக்கும் ஒரு மாதம் பொறுப்பேன். வரவில்லை என்றால், படம் தணிக்கைக்குப் போகும்போது அந்த மூதாட்டியின் கைநாட்டோடு ஓர் ஆட்சேப மனுவும் கூடவே போகும். மனு எழுதுவது எனக்குத் தொழில். வேலை நாள்களில் பத்து மணியிலிருந்து அலுவலக வாசலில்தான் இருப்பேன். பட்டியலின் நகலை யார் வந்து கேட்டாலும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பதிவறை எழுத்தர்,
மதுரை மாவட்டம்.